கேமரா பந்தோடு போய்விட்டது

மகன் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. கேமரா பந்தோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியல். ஆவடி குவார்ட்டர்ஸில், சர்ச்சுக்குக் கிளம்பும் முன், போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து நானும் மனைவி ரூபியும் பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை மாலை. ஜோயல் அங்கே ஒரு சிறிய கல்லூரியில் படிக்கிறான். இங்கே ஃபாக்டரி மைதானத்தில் கோல்கீப்பராக நின்று பந்தை மறுமுனைக்கு அனுப்பிய கால், அங்கே அவர்களுடைய முட்டை வடிவப் பந்தை உதைக்கும் இடத்தை அவனுக்கு வாங்கித் தந்தது. மூன்றாம் பிரிவு. டிவியில் வராது. ஒரே கேமரா, கமெண்ட்ரி சொல்ல இரண்டு மாணவர்கள்.

"ஒதைக்கிறவன யாரும் தொடக் கூடாதும்மா, ரூல்ஸே அதான்" என்று ரூபிக்குச் சத்தியம் செய்திருந்தான். பாதி உண்மை. கோலுக்கு உதைக்கும்போது அவனைத் தொடக் கூடாது. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க உதைத்த பிறகு, எதிரணியில் பந்தைப் பிடித்தவன் திரும்பி ஓடி வந்தால், மறிக்க வேண்டியவர்களில் இவனும் ஒருவன். அன்று ஒருவன் எல்லோரையும் தாண்டி வந்தான். கடைசியில் ஜோயல் மட்டும். ஓடியவன் கோட்டைத் தொடும்வரை கேமரா அவன் பின்னாலேயே போயிற்று. திரும்பி வந்தபோது என் மகன் முழங்காலில் இருந்தான், புல்லில் எதையோ தொலைத்தவன்போல.

மைதானத்து மருத்துவ உதவியாளர் இது என்ன மாதம், யாரோடு ஆட்டம் என்று கேட்டாராம். "இன்னா மாமே, சும்மா சவுண்டு வுட்டுகினு கீற" என்று தமிழில் பதில் சொல்லியிருக்கிறான். நாக்குக் குழறுகிறது என்று பயந்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. கன்கஷன் (தலை குலுங்கியதில் மூளை சில காலம் தன் வேலைகளில் தடுமாறுவது) என்று சொல்லி விடுதி அறைக்கு அனுப்பினார்கள். முறிந்த எலும்பென்றால் படத்தில் காட்டுவார்கள். இதற்குப் படம் இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று விரலை வைக்க ஓர் இடம் இல்லாதபோது, பயம் எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொள்கிறது.

"தலைல அடிபட்டவன தூங்க விடக் கூடாதுங்க, தூங்கினா அப்படியே போயிடும்" என்றாள் ரூபி. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம் இது. எனவே தூங்க விடவில்லை. முதலில் ரூபி வீடியோவில் பேசினாள். அவள் ஓய்ந்ததும் பூந்தமல்லியிலிருந்து அவள் அக்கா. பிறகு ஜெபக்குழுவே வரிசையில் வந்தது. கைத்தட்டல், பாட்டு, உரக்க ஜெபம். "கண்ணத் தொறடா தங்கம், பெரியம்மாவப் பாரு!" அவன் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தான். வெளிச்சம் குத்துகிறது என்று சொல்லத் தெம்பில்லாமல், "ம்" என்றான்.

கடைசியில் அறைத்தோழன் போனைப் பிடுங்கினான். மரியாதையாகத்தான் ஆங்கிலத்தில் சொன்னான்: இவன் வாந்தி எடுக்கிறான், இருட்டும் அமைதியும் வேண்டும், டாக்டர் சொன்ன நேரத்துக்கு நான் எழுப்பி, கண்மணிகள் இரண்டும் ஒரே அளவா என்று பார்ப்பேன், தயவுசெய்து கூப்பிடாதீர்கள். போன் அணைந்தது.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: அந்தப் பையன் சொன்னது சரி. மகனுக்கு மருந்து அமைதி. கடல் தாண்டி இருப்பவர்களுக்கு அந்த அமைதியே காய்ச்சல். தோழனிடமிருந்து தினமும் 'ஓகே' என்று ஒரு சொல் வரும். அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டு வேலைக்குப் போனேன், லேத் மெஷின் சத்தத்தில் நின்றேன், இவ்வளவு சத்தத்தில் மூளை எப்படி இருக்கிறது என்று முதல்முறையாக என் மண்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு அவனே பேசினான். திரும்ப ஆடுவதற்கு அணியின் டிரெய்னர் போட்ட படிகளைச் சொன்னான். தலைவலி இல்லாமல் நடந்தால், அடுத்தது மெல்லோட்டம். அதிலும் வலி இல்லையென்றால் பந்து. அதன் பிறகு ஹெல்மெட். வலி வந்தால் ஒரு படி கீழே. சீசனின் கடைசி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"நோயாளி எங்க?" என்றார்.

"அமெரிக்காவுல, மேடம்."

சிரிக்கவில்லை அவர். "முதல் அடி ஆறாம ரெண்டாவது அடி பட்டா மூளை வீங்கிடலாம். அபூர்வம்தான், ஆனா உயிருக்கே ஆபத்து. வலி இல்லன்னா விளையாடலாம். வலி இல்லன்னு சொல்றவங்க எல்லாருக்கும் வலி இல்லன்னு அர்த்தம் இல்ல. அவன் மறைக்கிறானான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்."

அன்று மாலையே கூப்பிட்டேன்.

"தலை வலிக்குதாடா?"

"இல்ல நைனா." கேள்வி முடிவதற்குள் பதில்.

"டிரெய்னர் கிட்ட இன்னா சொன்ன?"

"இல்லன்னுதான். லாஸ்ட் மேட்ச் நைனா. சீனியருங்கள்லாம் போறானுங்கோ. நான் உக்காந்துகினு இருந்தா யாரு ஒதைப்பான்?"

"அத கேக்கல. காலைல எழுந்திருக்கும்போது?"

போனோடு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"லைட்டா. எழுந்துக்கறப்ப மட்டும்" என்றான். பிறகு அழுதான்.

"அவர் கிட்ட நீயே போய் சொல்லுடா."

சொன்னான். கடைசி ஆட்டத்தில் ஜெர்சி போட்டு, ஹெல்மெட் இல்லாமல், ஓரத்தில் நின்றான். வேறொருவன் உதைத்தான், தோற்றார்கள். கேமரா ஒருமுறைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் நிற்கும் இடம் தெரிந்ததால், படச்சட்டத்துக்கு வெளியே இருந்த அந்த ஓரத்தையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைவலி நின்றது. எப்போது நின்றது என்று அவனால் சொல்ல முடியவில்லை. இந்த நோய்க்குத் தொடக்கம் உண்டு, ஒரு விசில் சத்தம்போலத் துல்லியமாக. முடிவு அப்படி இல்லை. ஒருநாள் அதைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். நான் இன்னும் மறக்கவில்லை.

டிசம்பரில் விடுமுறைக்கு வந்தான். கிறிஸ்துமஸுக்குச் சீரியல் பல்பு வாங்கக் கரையான்சாவடி போனோம். கடையிலிருந்து வெளியே வந்தால் சாலையோரம் முழுக்க ஸ்கூட்டர்கள். அவன் நின்றான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்.

"வண்டிய எங்க வுட்டோம்?"

"நல்லா யோசிச்சுப் பாரு" என்றேன், குரல் உயராமல்.

"நான் இன்னாத்த யோசிக்கறது? நீதான ஓட்டிகினு வந்த. நீ சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

"உனக்கு எந்த மேட்ச்ல நைனா அடி?" என்று கேட்டு, நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கடையின் பல்பு வெளிச்சத்தில் அவன் கண்மணிகள் இரண்டும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று பார்த்தேன்.