எட்டு நாற்காலியும் வாயில் இரும்பு ருசியும்

குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான். சங்கரன்கோவிலில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்து நாற்பத்திரண்டு வருஷம் நடத்தினேன். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டமானாலும் சரி, சிவகிரி வயலானாலும் சரி, கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் வெள்ளத்துரை கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

என் நாக்கைப் பற்றியும் சொல்வார்கள். செம்புக் கம்பியின் நுனியைச் சுரண்டி நாக்கில் வைத்தால் போதும், நல்ல செம்பா கலப்படமா என்று அந்த நிமிஷமே சொல்லிவிடுவேன். எஞ்சினியருக்குப் படித்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

கடையை மூடி மூன்று வருஷம் ஆகிறது. என் மனைவி ராஜேஸ்வரி செத்துப்போய் இரண்டு வருஷம். மகன் மாரிராஜ் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் போட்டுச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பான். ராஜா மாதிரி இருக்கேன்லே என்பேன். பொய் இல்லை. நானே பொங்கி, நானே தின்று, நானே பாத்திரம் கழுவுகிறேன். காலையில் போய் வெறும் கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பேன். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டில் தேக்கில் செய்த சாப்பாட்டு மேசை இருக்கிறது. எட்டு நாற்காலி. இந்தத் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

போன ஆடி மாசம் ஒருநாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். துருப்பிடித்த ஆணியைச் சப்பினதுபோல் இருந்தது. சட்னிதான் சரியில்லை என்று ஒதுக்கினேன். மத்தியானம் சோறும் அப்படியே இருந்தது. மோரும் அப்படியே. வெறும் தண்ணீரும் அப்படியே. செம்பின் ருசி எனக்குத் தெரியும். இது செம்பு இல்லை, இரும்பு.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனேன். முபஷ்ஷிரா என்று பெயர், சின்ன வயசு டாக்டரம்மா. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மூக்கடைப்பு உண்டா, நெஞ்செரிச்சல் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றெல்லாம் விசாரித்தார். சர்க்கரைக்கு மட்டும் ஒரு மாத்திரை என்றேன். பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்:

"வீட்ல மத்தவங்களுக்கும் இப்படி இருக்கா ஐயா?"

கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் மோட்டார் கட்டிக்கொண்டு போனவர்கள்.

"ஆமா, எல்லாருக்குந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

எல்லாருக்கும் இருக்கிறதென்றால் கோளாறு வாயில் இருக்காது, தண்ணீரிலோ பாத்திரத்திலோதான் இருக்கும் என்றார். போர்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பழைய பித்தளையிலும் அலுமினியத்திலும் புளிக்குழம்பு வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நான் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக விடுகிறவன் இல்லை. மாடித் தொட்டியிலிருந்து அடுப்படி வரைக்கும் இரும்பு பைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, என் கையாலேயே பிளாஸ்டிக் பைப் போட்டேன். சட்டி பானை எல்லாம் எவர்சில்வருக்கு மாற்றினேன். குடிக்கக் கேன் தண்ணீர். இரண்டு வாரம் ஆயிற்று. இரும்பு மட்டும் போகவில்லை.

திரும்பவும் போனேன். இப்போது மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர்களுக்குச் சரியாகிவிட்டதா, இல்லை அவர்களுக்கும் அப்படியேதான் இருக்கிறதா? அது தெரிந்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியுமாம். கேட்டுட்டு வாரேம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

யாரிடம் போய்க் கேட்க? கெட்டிருப்பது சோறா, தின்கிறவன் வாயா என்று தெரிய, அதே சோற்றை இன்னொரு ஆள் தின்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் இல்லை. தொழில் நடந்த காலத்தில் யார் வீட்டிலும் போய்க் கை நனைத்தவன் இல்லை நான். யாரையும் சாப்பிட வா என்று கூப்பிட்டதும் இல்லை. அக்கம்பக்கத்துப் பேச்செல்லாம் ராஜேஸ்வரியோடு சரி. அன்று மத்தியானம் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற ஏழு நாற்காலியிலும் கோடு போடலாம், அவ்வளவு தூசி.

என்னோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவன் ஒருவன் உண்டு. ஜெயசிங். இருபது வருஷம் என் கடையில் கூட்டாளி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்த மோட்டார் மூன்றாம் நாளே எரிந்துபோய்த் திரும்பி வந்தது. வயர் வாங்கினவன் அவன். நான் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது கலப்படம் என்று தோட்டக்காரர் முன்னாலேயே சொன்னேன். நல்ல வயர்தான் வாங்கினேன் என்றான். என் நாக்கு பொய் சொல்லாது என்றேன். அன்றைக்கே போனவன், என் கடைக்கு நேர் எதிரே தனிக்கடை போட்டான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. போர்டில் இருக்கிற அவன் போன் நம்பர் மட்டும் தினமும் கண்ணில் பட்டு மனப்பாடம் ஆகிவிட்டது.

சும்மா சாப்பிட வா என்று எப்படிக் கூப்பிட? வீட்டு மோட்டாரில் ஒரு வயரை உருவிவிட்டு, அந்த நம்பருக்குப் போன் போட்டேன். வீட்டு மோட்டார் கிளம்பவில்லை, வந்து பாரும் என்றேன்.

அரைமணி நேரத்தில் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிர்க்கடையிலேயே இருந்தும் நான் கவனித்ததில்லை.

"ஊர் மோட்டாரையெல்லாம் ஓட்டுன ஆளுக்கு, வீட்டு மோட்டார் ஓட மாட்டேங்குதாக்கும்" என்றான். குனிந்து மூடியைத் திறந்தவன், சிரிக்காமல் நிமிர்ந்தான். "வயரை நீரே உருவி விட்டுட்டு என்னைக் கூப்பிடுதீரு. என்ன விஷயம்வே?"

"சாப்பிட்டுட்டுப் போரும்" என்றேன்.

கையிலிருந்த மூடியை அப்படியே கீழே வைத்தான். பிறகு கை கழுவிவிட்டு வந்தான். நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தான். சோறும் புளிக்குழம்பும் அவரைக்காயும் வைத்தேன். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் தின்றேன். பழையபடி இரும்புதான்.

"எப்படி இருக்கு?"

"உப்பு தூக்கல். மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

"இரும்பு ருசி அடிக்கலையா?"

"இரும்பா? எனக்கு ஒண்ணும் தெரியலையே." இன்னொரு உருண்டை பிடித்து வாயில் போட்டு, மெதுவாக மென்று பார்த்தான். "இல்லவே. கோளாறு உம்ம நாக்குலதான். அன்னைக்கு நான் வாங்குன வயரும் நல்ல வயராத்தான் இருந்திருக்கும்."

அன்றைக்கு என் நாக்கில் குற்றம் இல்லை என்று இப்போதும் அடித்துச் சொல்வேன். அவன் எதிரே இருந்தபோது இன்னொரு கரண்டி குழம்பு மட்டும் ஊற்றினேன். அவன் மீதி வைக்காமல் சாப்பிட்டான். தட்டைத் தானே கழுவி வைத்தான். உருவின வயரை மாட்டிவிட்டுப் போய்விட்டான். போன பிறகு வெகுநேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து வழிந்த பிறகுதான் எழுந்துபோய் நிறுத்தினேன்.

மறுநாள் டாக்டரம்மா அறைக்குள் போனதும் கதவை நானே சாத்தினேன்.

"வீட்ல வேற யாரும் இல்லம்மா. நான் மட்டுந்தான்."

அவர் திட்டவில்லை. பழைய சீட்டை ஒதுக்கிவிட்டுப் புதுச்சீட்டு எடுத்து, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். ஒரு ஆளுக்கு மட்டும் இப்படி இருந்தால் காரணம் பல இருக்குமாம். ஈறில் ரத்தம் கசிந்தாலும் இரும்பு ருசி தட்டும், சர்க்கரை மாத்திரையாலும் வரலாம், மூக்கில் சளி கட்டினாலும் வரலாம், சிலருக்குச் சிறுநீரகக் கோளாறாலும் வரும் என்றார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தில் பழுது இல்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. காலையில் வாய் கொப்பளிக்கும்போது சிவப்பாக வருவதைப் பார்த்திருக்கிறேன், போடுகிற வெற்றிலையின் சாயம் என்று நினைத்துவிட்டேன். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லி, பல் டாக்டரிடம் அனுப்பினார்.

அங்கே ஆடுகிற இரண்டு பல்லைப் பிடுங்கி, ஈறைச் சுத்தம் செய்தார்கள். இப்போது முக்கால்வாசி போய்விட்டது. காலையில் வெறும் வயிற்றில் லேசாக அடிக்கிறது. அது மாத்திரையாக இருக்கலாம் என்கிறார்கள்.

பல் பிடுங்குவதற்கு முன்னால் அங்கிருந்த பெண் ஒரு தாள் நீட்டினாள். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் எழுதச் சொன்னாள். பெங்களூரில் இருக்கிற மகன் என்று மாரிராஜ் நம்பரைச் சொன்னேன். பெங்களூர்க்காரர் வந்து சேர நாளாகும், உள்ளூரில் ஒரு நம்பர் கொடுங்கள் தாத்தா என்றாள். எதிர்க்கடை போர்டில் இருக்கிற நம்பரை எழுதிக் கொடுத்தேன். ஜெயசிங்குக்கு இது தெரியாது. அவர்களும் இன்றுவரை அவனுக்குப் போன் போடவில்லை. போடும்படியாக எனக்கு எதுவும் ஆகவில்லை.