அத்தைக்கு வந்தது கழுத்துப்பிடி இல்லை

அறுபதுகளின் தொடக்கத்தில், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில், சிவகாசியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. வீட்டில் நான், என் கணவர், அவருடைய அம்மா மூன்று பேர்தான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

அத்தை வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கட்டை அடுக்குவார். மருந்து தோய்க்காத குச்சிகளை மரச்சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைக்கும் வேலை. காலையில் குனிந்தால் விளக்கு வைக்கும்போதுதான் நிமிர்வார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். அதனால் வயதானவர்களுக்குக் கழுத்து பிடித்தால் யாரும் பதற மாட்டார்கள். எண்ணெயைக் காய்ச்சித் தேய்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போய், கழுத்தை ஒரு திருப்புத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அத்தைக்கும் கழுத்து பிடித்தது. நானும் எண்ணெய் தேய்த்தேன். மறுநாள் முதுகும் விறைத்துக்கொண்டது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கத் திணறினார்.

"வாயத் தொறக்க முடியலத்தா. தாடையும் பிடிச்சிருச்சு" என்று பல்லைக் கடித்தபடியே சொன்னார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. என் கணவரோ சுளுக்கு எடுப்பவரைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"மொதல்ல டாக்டர்ட்ட காட்டுவோம். பெறகு நீங்க யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க!"

அவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மனுஷர் போய்க் குதிரை வண்டி பிடித்துவந்தார்.

பஜாருக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர், தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் அத்தையைப் படுக்கவைத்து விரல், மணிக்கட்டு, முழங்கை என்று ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். எல்லாம் சுளுவாக மடங்கின. வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இருந்தது.

"கட்டை அடுக்கிப் பிடிச்சிருந்தா விரலும் கையும்ல மொதல்ல பிடிக்கணும்? அது ரெண்டும் லேசா இருக்கு. குச்சி அடுக்குறதுக்கு வாய் எதுக்கு?" என்றார்.

அடக் கடவுளே, இது எங்களுக்குத் தோன்றவே இல்லையே!

கரண்டிக் காம்பை உள்ளே விட்டுத் தொண்டையைத் தொட்டார். நமக்கென்றால் குமட்டிக்கொண்டு வரும். அத்தையின் பற்களோ காம்பைக் கவ்விக்கொண்டன. டாக்டரின் முகம் மாறிவிட்டது. காயம் ஏதும் பட்டதா என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் நம்பாமல் விரல் விரலாகப் பார்த்தார். கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முந்தின வாரம் சட்டத்திலிருந்து மரச்சிலாம்பு ஒன்று நகத்துக்குள் ஏறி, அத்தை அதை ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு தடவிக்கொண்டார்.

"இது ரணஜன்னி. இப்பப் போயி கழுத்தைத் திருப்பியிருந்தீகன்னா, இசிவு வந்து மூச்சே நின்னுருக்கும்" என்றார் டாக்டர். இப்போது டெட்டனஸ் என்று ஊசி போடுகிறார்களே, அந்த நோய்தான்.

ஊசிகளைப் போட்டுவிட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார் டாக்டர். வெளிச்சம் படக்கூடாது, உடம்பைத் தொடக்கூடாது, முக்கியமாகச் சத்தம் ஆகாது என்றார். தீபாவளி சீசனில், சிவகாசியில், சத்தம் ஆகாதாம்!

ஜன்னலுக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஊர் எல்லையில் ஒரு பொட்டலில், வெளியூர் வியாபாரிகளுக்குச் சாம்பிள் வெடி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கார் நெருங்கும்போது ஒன்று வெடித்தது. அத்தையின் உடம்பு வில்லாக வளைந்தது. மூச்சு நின்று உதடு நீலம் பாய்ந்தது. "அத்தே!" என்று அலறப் போன என் வாயை டாக்டர் பொத்திவிட்டார். கண்ணெதிரே உயிர் போகிறது, கத்தி அழக்கூட முடியவில்லை. வேண்டாத தெய்வமில்லை. பிறகு எப்படியோ, ஒரு கேவலோடு மூச்சு திரும்பியது.

அதற்குள் என் கணவர் இறங்கி, தலைத்துண்டை வீசிக்கொண்டு பொட்டலுக்கு ஓடினார். என்ன சொன்னாரோ, திரியைப் பற்றவைக்கப் போன ஆள் அப்படியே கையை இழுத்துக்கொண்டார். இன்னொருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பறந்தார். அடுத்தடுத்த பொட்டல்களிலும் வெடிப்பதை நிறுத்திவிட்டு ஆட்கள் ரோட்டோரம் பேசாமல் நின்றார்கள். எங்களை யாரென்றே தெரியாத சனங்கள். கார் ஊரைத் தாண்டியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தத் தீபாவளி எங்களுக்கு ஆஸ்பத்திரியின் இருட்டறையில்தான் கழிந்தது. அத்தை பிழைத்து, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு தெருவில் எந்தக் கிழவி கழுத்து வலி என்று வந்தாலும், "எங்க, வாயத் தொற பாப்பம்" என்று அத்தை அதட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. வயதானவர்கள் வலி என்றதும் நாமே ஒரு காரணத்தைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம்; அப்படி அடைத்தே அன்று அத்தையைப் பறிகொடுக்க இருந்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறுகிறது.