நாக்கு மாஸ்டர் கட்டிய கடல்

எங்கே ஈரத்தைக் கண்டாலும் குழாய் மாஸ்டர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் உறவினர் வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில், கூடத்துச் சுவரில் திட்டாக இருந்த ஈரத்தை அவர் அப்படித் தொட்டுச் சப்பியதைப் பார்த்தபோதே அவர் மனைவிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள்.

அவள் அதிகம் பேசமாட்டாள். ரெடிமேட் கடைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பாள். கண் ஊசியில் இருந்தாலும் கணவர் முகத்தைப் படிக்க அவளுக்குத் தெரியும். மாடித் தொட்டித் தண்ணீர் என்றால் அவருக்கு இடது புருவம் ஏறும். மழைத் தண்ணீர் என்றால் சப்புக் கொட்டுவார். சாக்கடை என்றால் ஒன்றும் சொல்லாமல் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கூலியைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார். நாக்கு சொன்ன இடத்தில் உடைத்தால் ஓட்டை அங்கேதான் இருக்கும். தெருவில் அவருக்கு நாக்கு மாஸ்டர் என்றே பெயர்.

"நான் வேலை செஞ்ச இடத்துல ஒரு சொட்டு ஒழுகினாலும் பையைக் கட்டி வெச்சுட்டு வேற பொழப்பு பாத்துக்கறேன்" என்று போகிற வீட்டிலெல்லாம் மார் தட்டுவார். பையைக் கட்டச் சொல்லி யாரும் கேட்கும்படி ஆனதில்லை.

அப்புறம்தான் வீட்டுக்குள் கடல் வந்தது.

பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கை வேறு இடத்துக்கு மாற்றினார். அங்கே வாஷ்பேசினைக் கழற்றப் போன மாஸ்டர், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியோடும், ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாளிக்குள் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள்.

"ஏங்க, பேசினைக் கழட்டத்தானே போனீங்க?"

"கழட்டிட்டேன். இதுகளைத் தூக்கிட்டுப் போறவங்க யாருமில்லைன்னாரு டாக்டரு. என்னைப் பாத்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சுங்க. மனசு கேக்கல."

"மீனுன்னா வாயைத் தொறந்து மூடத்தாங்க செய்யும். இதுங்களுக்குக் கடல் தண்ணி வேணுமாமே?"

"உப்பைப் போட்டா கடல். இதுல என்ன இருக்கு?"

நிறைய இருந்தது. அலங்கார மீன் கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். அழுக்குத் தண்ணீர் கீழே ஒரு பெட்டிக்கு இறங்க வேண்டும். அதை மோட்டார் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ள ஒரு கருவி வேண்டும். ஆவியாகிக் குறைகிற தண்ணீரைத் தானாக நிரப்ப இன்னொரு கருவி வேண்டும். மாஸ்டர் விலை கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடலுப்புத் தூளை மட்டும் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், கூட வந்த மனைவியைப் பிடித்து நிறுத்தி நடுத்தெருவிலேயே நின்றுவிட்டார்.

"இந்தா பாரு, இது பூரா குழாய் வேலை! பல் டாக்டருக்குத் தெரியல, மீன் கடைக்காரனுக்குத் தெரியல. இது பூரா குழாய் வேலை!"

அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டில் ஒரு பொருள் நிலையாக இல்லை. துணி வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டி தொட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ஆள் இடுப்பளவு சாக்கடைக் குழாய்த் துண்டு ஒன்று அதற்குள் செங்குத்தாக நின்றது. அதன் அடியில் காற்றை விட்டால் நுரை பொங்கி மேலே ஏறி, தலையில் கவிழ்த்திருந்த அவளுடைய சர்க்கரை டப்பாவுக்குள் வழியும். டப்பாவில் டீ நிறத்தில் ஒரு கசடு சேரும். பக்கத்தில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை மட்டும் அவர் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு தரம் பார்த்தார்.

தண்ணீர் தானாக நிரம்ப, கக்கூஸ் ஃப்ளஷ் தொட்டியில் இருக்கும் மிதவைப் பந்தைக் கொண்டுவந்தார்.

"அதையா மீன் தண்ணியில விடப் போறீங்க?"

"புதுசும்மா. இது இன்னும் கக்கூஸைக் கண்ணால பாத்ததில்ல."

உப்பு எவ்வளவு என்று அளக்கக் கண்ணாடியில் ஒரு கருவி உண்டு, அதையாவது வாங்குங்கள் என்று கடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார். மாஸ்டர் அவருக்கு நாக்கை நீட்டிக் காட்டினார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் தொட்டியில் விரலை நனைத்துச் சப்புவார். அதற்கென்று அவருக்குப் புதிதாக ஒரு முகம் வந்தது: கண் இரண்டும் மூடி, மூக்கு விடைத்து, கடற்கரையில் காற்று வாங்குகிறவரைப் போல.

எல்லாவற்றிலும் அவர் பெருமைப்பட்டது ஒரு சின்ன ஓட்டையைப் பற்றித்தான். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். உடனே மேல் தொட்டியின் தண்ணீர், ஏறிய குழாய் வழியாகவே திரும்ப இறங்கத் தொடங்கும். விட்டால் பெட்டி நிரம்பி வழிந்துவிடும். அதனால் அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டிருந்தார். தண்ணீர் அந்தத் துளை வரை இறங்கியதும், 'கொர்ர்' என்று காற்றை உறிஞ்சும். ஓட்டம் அறுந்துவிடும். வருகிறவர் போகிறவரை எல்லாம் உட்கார வைத்து, மோட்டாரை நிறுத்தி, அந்தக் 'கொர்'ரைக் கேட்க வைப்பார். பாட்டுக் கேட்கிற மாதிரி தலையாட்டுவார்.

கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன ஒரு நத்தையும் வந்து சேர்ந்தது. அது மெதுவாக நகர்ந்து, ஒரு மூலை விடாமல் சோதித்து, எங்கே அழுக்கு இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். அவள் தன் மனசுக்குள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தாள். வெளியே மூச்சு விடவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் விரலைச் சப்பிய மாஸ்டருக்குக் கடற்கரை முகம் வரவில்லை.

"உப்பு கம்மியா இருக்கே. சமையலுக்கு எடுத்தியா?"

"மீன் குளிச்ச தண்ணியிலயா நான் சமைப்பேன்?"

"அப்ப இதுங்கதான் குடிச்சிருக்கும்" என்று மீன்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, உப்பைக் கரைத்து ஊற்றினார். இரண்டு மூன்று தரம் இப்படி ஆயிற்று.

கீழ்வீட்டில் டிரைவிங் ஸ்கூல்காரர் குடியிருந்தார். பழகுகிறவர்களுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்தி, அவருக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துபோயிருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் சாயங்கால வகுப்புக்குப் போவார். ஒரு நாள் அவர் சத்தம் படிக்கட்டில் முன்னால் ஏறி வந்தது; ஆள் பின்னால் வந்தார்.

"மாஸ்டர்! நெத்தியில சொட்டுது மாஸ்டர்! தூக்கத்துல பிரேக் அடிச்சேன், காலு போய் சுவத்துல இடிச்சுருச்சு. வந்து நக்குங்க!"

மாஸ்டர் ஏணியில் ஏறினார். அவர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில் தட்டளவு ஈரம். அவர் தொட்டார், நாக்கில் வைத்தார்.

கண் இரண்டும் மூடின. மூக்கு விடைத்தது.

ஏணியைப் பிடித்திருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை அவள் தினமும் காலையில் பார்க்கிறாள்.

"என்ன தண்ணி மாஸ்டர்?"

மாஸ்டர் இறங்கவே இல்லை. கூரையைப் பார்த்தபடியே, "இது தண்ணி இல்லைங்க" என்றார்.

"பின்ன?"

"வேர்வை."

"யாரோடது?"

"சுவத்தோடது. கூரை வரைக்கும் ஏறியிருக்கு. வயசான கட்டிடம், வெயில் வேற. வேர்க்குது."

டிரைவிங் ஸ்கூல்காரர் கட்டில் மேல் ஏறி, எம்பி, தானும் தொட்டு நக்கினார். "ஆமா மாஸ்டர், உப்புக் கரிக்குது! இத்தனை வருஷம் இந்தச் சுவரு கூட இருக்கேன், எனக்குத் தெரியல பாருங்க. என்ன வைத்தியம்?"

"காத்துப் படணும்" என்றார் மாஸ்டர் ஏணி மேலிருந்து.

விறுவிறுவென்று படியேறினார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "வெளிய தெரிஞ்சா என் வாயாலயே நான் பையைக் கட்டணும். பையைக் கட்டினா சோறு போச்சு. தொட்டியை எடுத்தா இதுங்க உசுரு போச்சு. எங்க ஒழுகுதுன்னு மட்டும் தெரிஞ்சா அடைச்சுடுவேன்" என்றார். மோட்டாரை நிறுத்தினார். 'கொர்ர்' என்றது. பெட்டி வழியவில்லை. திரும்பப் போட்டார், திரும்ப நிறுத்தினார். 'கொர்ர்.' தரையைத் தடவினார். காய்ந்து கிடந்தது. "என் வேலையில தப்பில்ல" என்று சொன்னவர், அதைச் சொல்லும்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு டேபிள் ஃபேனை வாங்கி, மல்லாக்கப் படுக்க வைத்து, கூரைக்குக் காற்று வீசினார். அதோடு விட்டாரா? வண்டி பழக வந்த ஒவ்வொருவருக்கும் கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கும்போதே சுவர் வேர்க்கிற கதையையும் சொன்னார். தெருவில் ஆளாளுக்குச் சுவரை நக்கிப் பார்த்தார்கள். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் எல்லாமே கொஞ்சம் கரிக்கத்தான் செய்தன. எதிர்வீட்டுக்காரர் தன் சுவருக்கு முகப்பவுடர் போட்டார். மாஸ்டர் தெருவில் நடந்தால், "எங்க சுவரையும் ஒரு வாட்டி பாருங்க மாஸ்டர்" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் சந்து வழியாகப் போய்வர ஆரம்பித்தார்.

அவளுக்கோ கீழ்வீட்டுக்காரரைப் பார்க்கவே முடியவில்லை. கூரைக்கு வீசிய காற்று அவர் மேலேயும் திரும்பி விழுந்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. காதில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தும்மிக்கொண்டே, "இப்ப கொஞ்சம் வேர்வை கொறைஞ்சிருக்கு தங்கச்சி" என்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிடுவாள். பித்தான் தைக்கிற பாயைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், மாஸ்டர் வேலைக்குப் போயிருந்தபோது கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது. அவள் பல்லால் நூலைக் கடித்தபடி 'கொர்'ருக்காகக் காத்திருந்தாள்.

'கொர்' வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். குழாயில், அந்தத் துளை மேலேயே, பாசி ருசி கண்டு அப்பியிருந்தது நத்தை. துளையை விட்டுக் கீழே இறங்கிப்போன தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் பெட்டி நிரம்பி, பின்பக்கமாக வழிந்தது. வழிந்த தண்ணீர் தரையில் பரவவே இல்லை. பெட்டியைத் தோளால் நெட்டிப் பார்த்தாள். பின்னால், எந்தக் காலத்திலோ பழைய குழாய் இறங்கிய ஓட்டை ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிற மாஸ்டர் தன் வீட்டு ஓட்டையை அப்புறம் பூசலாம் என்று விட்டு, அதன் மேலேயே கடலைக் கட்டியிருக்கிறார். கரண்ட் வந்ததும் மிதவைப் பந்து நல்ல தண்ணீரை நிரப்பி, போன உப்புக்குத் தடயமில்லாமல் செய்திருக்கிறது.

அவள் தொட்டிக்குள் கையை விட்டு நத்தையைப் பிடுங்கினாள். தொட்டி, விருந்து முடித்தவரைப் போல, பெரிதாக ஒரு 'கொர்ர்ர்' விட்டது. தண்ணீர் நின்றது.

கீழே, "பிரேக்! பிரேக்!" என்று அலறல் கேட்டது.

டிரைவிங் ஸ்கூல்காரர் சொட்டச் சொட்டப் படியேறி வந்தார். கரண்ட் இல்லாமல் நின்றுபோன ஃபேனின் இறக்கையில் விழுந்த தண்ணீர் வேறு நாலு பக்கமும் தெறித்திருந்தது. "தங்கச்சி, சுவத்துக்கு ஜுரம் விட்டிருக்கு போல! ஊத்துது! மாஸ்டர் எங்க?"

கையில் நத்தையோடு அவள் நின்றாள். வாசலில் யாராவது நின்றால் ஆமாம், இல்லை என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை. மஃப்ளரின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, சுவரு வேர்க்கல. அது எங்க தண்ணி. மாமியார் ஓட்டையில உக்காந்துட்டாங்க."

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். "எங்கம்மா எப்ப வந்தாங்க?"

அவள் நத்தையைக் காட்டினாள். துளையைக் காட்டினாள். தரையில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். மாஸ்டர் மூன்றையும் பார்த்தார். கடைசியில் பார்த்ததை அதிக நேரம் பார்த்தார். பிறகு தன் கருவிப் பையை எடுத்து, அதன் வாய்க்கயிற்றை இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் தன் சட்டைக் கையைச் சப்பினார். தொட்டியில் விரலை விட்டு அதையும் சப்பினார். "மீன் தண்ணியிலயா மாஸ்டர் நான் இத்தனை நாளா தூங்கினேன்? கூரைக்கு ஃபேன் போட்டேனே! எதிர்வீட்டுக்காரரு பவுடர் டப்பா தீந்துபோச்சுன்னு என்கிட்ட வாங்கிட்டுப் போனாரே!" என்று கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர், மீன்கள் இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இதுங்க என்ன சொல்லுது?"

"எப்பவும் அப்படித்தாங்க" என்றார் மாஸ்டர், முடிச்சிலிருந்து தலை தூக்காமல்.

"முடிச்சை அவுருங்க மாஸ்டர். முதல் தடவை இடிச்சவனை நான் வண்டியை விட்டு இறக்கினதே இல்ல. ஆனா லைசென்ஸ் கிடையாது." கீழே இறங்கிப் போனார். தன் வண்டியில் கட்டும் சிவப்பு எல் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியின் முன்னால் தொங்கவிட்டார். "வீடு வீடாப் போய் நீங்களே உண்மையைச் சொல்லிட்டு வாங்க. நான் சொன்னா சத்தமாப் போயிடும்."

மாஸ்டர் போனார். எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் பவுடரை நிறுத்த மறுத்துவிட்டார். சுவர் வாசனையாக இருக்கிறதாம்.

இப்போது குழாயில் இரண்டு துளைகள், இரண்டுக்கும் வலை மூடி. தரை ஓட்டைக்கு அன்றே சிமெண்ட் பூசியாயிற்று. தெருவில் அவருக்கு வேர்வை மாஸ்டர் என்று இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது; வேலை குறையவில்லை. நத்தையை அவரும் மாமியார் என்றே கூப்பிடுகிறார், அவர் அம்மா வந்திருக்கும் நாட்களைத் தவிர. கீழே சொட்டுவதில்லை. எல் போர்டு இன்னும் தொங்குகிறது.