கொதிக்காத பேட்டரி

இரண்டு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை. வேனுக்குள் ஏறிப் படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே இருந்த பேட்டரி இரண்டு பக்கமும் உப்பி, மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருந்தது. கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிந்து எழுந்திருக்க முடியாமல் நான் உட்கார்ந்திருப்பேனே... அச்சு அசல் அப்படி.

என் வேனைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: பேக்கரிக்குப் பாண் ஏற்றிய பழைய வேன். உள்ளே ஒரு படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், இரண்டு லைட். எல்ல என்ற மலையூர்ப் பக்கம் போனால் வெள்ளைக்காரர்கள் இந்த மாதிரி வேனை ரோட்டோரம் நிறுத்திக் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அதைப் பார்க்கக் கூடாது. நான் பார்த்துவிட்டேன்.

"இருக்கற வீட்டையே கூட்ட முடியல. இதுல சக்கரம் வச்ச வீடு வேறயா?" என்றாள் சரோஜா. என் மனைவி. கேள்வி நியாயமானது. 

பேட்டரி சீல் வைத்த ரகம். தண்ணீர் ஊற்ற மூடி கிடையாது. 'பராமரிப்பு தேவையில்லை' என்று நெற்றியிலேயே எழுதியிருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வார்த்தையை யார் நம்மிடம் சொல்கிறார்கள்? பிரஷருக்குப் பராமரிப்பு, பல்லுக்குப் பராமரிப்பு, சொந்தக்காரர்களுக்குப் பராமரிப்பு. ஒன்றாவது வேண்டாம் என்கிறதே! நம்பினேன். பலகையை மூடினேன். மழை பிடித்தது. ஃபிரிட்ஜை அணைக்க மறந்து, இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

கூரையில் சோலார் தகடு இருக்கிறது. ஆனால் நமுனுகுல மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிவிட்டால் அதுவும் கூரைதான்.

மழை விட்டுப் போய்ப் பார்த்தால், பேட்டரி செத்துக் கிடந்தது; அப்போது இன்னும் உப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் பேட்டரி என்றால் ஒரே ஆள்தான்: சரோஜாவின் அண்ணன், தங்கராசு மச்சான்.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கரண்ட் வராத காலத்தில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்தவர். அப்போது டிவி ஓடியதே கார் பேட்டரியில்தான். சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வருவார்கள். மச்சான் சோக்குக் கட்டியால் லய நம்பர் எழுதி வரிசையில் வைப்பார். பிறகு கரண்ட் வந்தது. கடை போனது. அன்றிலிருந்து அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை, கல்யாண வீட்டில் டியூப் லைட் எரியாமல் போனால் தவிர.

நான் கூப்பிட்டேன். பழைய சார்ஜரைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமையே வந்துவிட்டார். மாட்டினார். பிறகு குனிந்து பேட்டரி மேல் காதை வைத்தார்.

"என்ன மச்சான் செய்றீங்க?"

"கொதிக்குதான்னு பாக்குறேன் மாப்புள. கொதிச்சாத்தான கரண்டு வயித்துக்குள்ள எறங்கியிருக்குன்னு அர்த்தம்?"

"கொதிக்குதா?"

"ம்ஹூம். ஊமப் பேட்டரிய வாங்கிட்டு வந்திருக்கீங்க."

சார்ஜரின் திருகை ஒரு படி கூட்டினார். வியாழன் இன்னொரு படி. வெள்ளி இன்னொன்று. அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன்? தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குள் இன்னொன்றும் செய்து தொலைத்திருந்தேன். எல்லயில் ரொஷான் என்று ஒரு பொடியன், இதே மாதிரி மூன்று வேன்களை வாடகைக்கு விடுகிறான். பேட்டரி பார்க்க ஆள் தேடினான். மச்சானைப் பற்றி போனில் ஒரு பிரசங்கமே வைத்தேன். "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க" என்றான். மச்சான் புதுச் சட்டை எடுத்தார். தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை, மேலே சொன்ன காட்சி.

என் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். வாசிக்காதது ஒன்றே ஒன்று: பேட்டரியோடு வந்த எட்டுப் பக்கக் குறிப்பு. அன்றுதான் வாசித்தேன். சீல் வைத்த பேட்டரி கொதிக்கவே கூடாதாம். கொதித்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகப் போகும். போனதைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

"அண்ணங்கிட்ட சொல்லிறாதீங்க" என்றாள் சரோஜா.

"சொல்லாட்டி திங்கக்கெழம போய் அந்த மூணையும் கொதிக்க வச்சிருவாரு. செவ்வாக்கெழம வேல போயிரும்."

"அப்ப நோகாமச் சொல்லுங்க."

"எப்பிடி?"

"இருவத்தஞ்சு வருசமா எழுதுறீங்க. அதுக்கு ஒரு வார்த்த கெடைக்காதா?"

ஞாயிறு ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து, சார்ஜரின் கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன். தேயிலைக் கொழுந்து வரத்தைப் பற்றிப் பேசினேன். அவரே கேட்டுவிட்டார்.

"பேட்டரி எப்பிடி மாப்புள?"

"கொஞ்சம்... ஊதியிருக்கு."

உப்புத்தாள் நின்றது. "எவ்வளவு?"

கையால் காட்டினேன். கொஞ்சம் குறைத்துத்தான் காட்டினேன்.

"வெள்ளிக்கெழமையே சூடா இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன். ஆனா கொதிக்கலையேன்னுதான்..."

சட்டைப் பையிலிருந்து குறிப்பை எடுத்து, இங்கிலீஷைத் தமிழாக்கி வாசித்தேன். பதினாலரை வோல்ட்டுக்கு மேலே ஏற்றாதே. சூடானால் நிறுத்து. திறக்காதே. பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவே விடாதே.

"நில்லுங்க. எறங்க விடக் கூடாதா? டிவில படம் சுருங்குற வரைக்கும் ஓட்டிட்டு அப்பறமா கொண்டாங்கன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தது நான்தானே?"

"அதுவும் தப்புதான் மச்சான்."

"அப்ப எத்தன பேட்டரிய நான் கொன்னிருக்கேன்!"

"அதனாலதான் கட நல்லா ஓடியிருக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சார்ஜரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"ஊத்தக் கூடாது, தொறக்கக் கூடாது, கொதிக்க வைக்கக் கூடாது. மூடியே இல்லாத பேட்டரிக்கு நான் எதுக்கு மாப்புள?"

இருபத்தைந்து வருடம் எழுதியவனிடம் ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"ரெண்டு மாசம் பாக்காமப் போட்டுப் பாதி உசுர எடுத்தது நான். மிச்சத்தத்தான் நீங்க எடுத்தீங்க. பாக்கறதுக்கு ஒரு ஆள் இருந்திருந்தா அது செத்திருக்காது மச்சான்."

தள்ளி வைத்த சார்ஜரை மறுபடி பக்கத்தில் இழுத்தார்.

"அப்ப பாக்கறதுதான் வேலையா?"

"அதான் வேல."

"சும்மா பாக்கறதுக்கா ஆள் எடுக்குறான்?" என்றார். பிறகு உள்ளே போய்ப் பழைய கலண்டர் தாளொன்றைக் கிழித்து வந்தார். "மொதல்லேருந்து வாசிங்க. மெதுவா."

திங்கட்கிழமை கிளம்பும்போது, செத்த பேட்டரியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதற்கு என்று புரியாமலே எடுத்துக்கொண்டேன். எல்லயில் இறங்கி, புதுச் சட்டையோடு அதை வயிற்றில் அணைத்துத் தூக்கிப் போய் ரொஷானின் மேசையில் தொம்மென்று வைத்தார்.

"இது நான் செஞ்சது. போன கெழம" என்றார், சிங்களத்தில்.

நான் தூரத்து மலையைப் பார்க்க ஆரம்பித்தேன். என் பிரசங்கமெல்லாம் காதுக்குள் திரும்ப ஓடியது.

ரொஷான் பேட்டரியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். எப்படி என்று கேட்டான். மச்சான் கலண்டர் தாளை விரித்தார். எந்தப் படியில் வைத்தது தப்பு, எப்போது நிறுத்தியிருக்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை... ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். குரல் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கியது. மற்றபடி ஆள் அசையவில்லை.

ரொஷான் சிரித்தான். முன்பு வேலைக்கு இருந்த இரண்டு பேருமே பேட்டரியை ஊத வைத்தார்களாம். இரண்டு பேருமே பேட்டரிதான் சரியில்லை என்றார்களாம்.

"நாளையிலேருந்து வாங்க" என்றான்.

அவருக்குச் சிபாரிசு செய்ய என் பிரசங்கம் தேவைப்படவில்லை. என் பேட்டரி போதுமாக இருந்தது.

இதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். பராமரிப்பு தேவையில்லை என்று யார் சொன்னாலும், பேட்டரியோ மனுசரோ, ஒரு தடவை பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. சத்தம் போடுகிறவர்களை எப்படியும் கவனித்துவிடுகிறோம். ஊமைகள்தான் உள்ளுக்குள்ளேயே காய்கிறார்கள்.

மச்சான் இப்போது கழுத்தில் மீட்டர் தொங்கப் பஸ் ஏறுகிறார். ஏறுவதற்கு முன், தினமும் காலை ஆறு மணிக்கு எனக்கு போன். புதிதாக வாங்கிய பேட்டரியையும் என்னையும் நம்பி விட அவர் தயாராக இல்லை.

"மாப்புள, எத்தன காட்டுது?"

பனியில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குடை பிடித்துப் போய்ப் பலகையைத் தூக்கி, அங்கே மாட்டியிருக்கும் மீட்டரைப் பார்த்துச் சொல்கிறேன். "பன்னெண்டு புள்ளி ஏழு, மச்சான்."

"நல்லாருக்கு." போனை வைத்துவிடுகிறார்.

நான் எத்தனை காட்டுகிறேன் என்று இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.