கோஸ் வடித்த தண்ணீர்

திங்கட்கிழமை காலை டயாலிசிஸ் வார்டிலிருந்து போன். "மேடம், ஏழுமலைக்குப் பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. உடனே வாங்க."

நான் மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். ஏழுமலை சிந்தாதிரிப்பேட்டையில் ஆட்டோ ஓட்டியவர். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருவார். பத்து நாள் முன்புவரை சாப்பாடே வேண்டாமென்று கிடந்தார். அவர் மனைவி செல்வி நான் கொடுத்த பட்டியலை என் மேஜையில் வைத்து, "கீரை கூடாது, வாழப்பயம் கூடாது, எளநி கூடாது. அப்போ இன்னாதான் துன்றது மேடம்?" என்று கேட்டார்.

செல்வியை ஆஸ்பத்திரி கிச்சனுக்கு அழைத்துப்போனேன். முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தேன். கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கோஸோடு தோல் சீவிய ஆப்பிள் துண்டுகளைப் போட்டு இரண்டு நிமிடம் வதக்கினேன். சிட்டிகை உப்பு. இரண்டிலும் பொட்டாசியம் குறைவு, நார்ச்சத்து உண்டு. ஏழுமலை முதல் வாய்க்கு முகம் சுளித்தார். பிறகு, "நல்லாத்தான் கீது" என்று தட்டைக் காலி செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மனிதருக்குத்தான் இப்போது இதயத் துடிப்பே தடுமாறிக்கொண்டிருந்தது. உள்ளே அவசரமாக டயாலிசிஸ் தொடங்கியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் செல்வி.

"நான் காட்டினபடிதானே சமைச்சீங்க?"

"அப்டியேதான் மேடம். கோஸு, கேரட்டு, பீன்ஸு எல்லாமே வடிச்சுதான்."

"வடிச்ச தண்ணி?"

"அத்த ஏன் கொட்றது? சத்து பூடும்ல. மொளகு போட்டு சூப்பா குட்த்துக்கினு இருந்தேன். காய் வெந்த தண்ணிய கொட்டாதீங்கன்னு எங்க தெரு கேம்ப்ல நீங்கதானே சொன்னீங்க?"

அந்த ஊட்டச்சத்து முகாமில் சொன்னேன்தான். அது நல்ல உடம்புக்காரர்களுக்கு. கிச்சனில் அவர் கண்ணெதிரே தண்ணீரைக் கொட்டியபோது, காரணம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நானே அவருக்கு வெஷம் வெச்சிட்டனா மேடம்?"

"இல்லம்மா. தப்பு என்னோடது" என்றேன். நமக்குச் சத்தாகிற பொட்டாசியத்தை அவருடைய சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, தேங்கினால் இதயத்தைப் பாதிக்கும், காய் வேகும்போது அது அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது என்று அப்போதுதான் விளக்கினேன்.

மதியம் துடிப்பு சீரானது. கேஸ் ஷீட்டில், 'உணவு விளக்கம் முழுமையாகத் தரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இதை எழுதணுமா?" என்றார் டாக்டர். "எழுதணும் சார்."

அதன்பிறகு, சமைப்பவர் எதை, ஏன் செய்யப் போகிறார் என்று என்னிடம் திருப்பிச் சொல்லாமல் யாரையும் நான் அனுப்பியதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மக்கள் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். செல்வி நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.