காற்றில் நிற்காதே என்றார் டாக்டர்

அக்கா! உன் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்குப் பழக்கமில்லை. நீ இல்லாதபோதும் வாய் வரவில்லை. அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா போன மார்கழியில் இறந்துபோனாள். காரைக்கால்மேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தருமபுரம் தெருக்களில் கூடை தூக்கி விற்றவள். மச்சான் கடலுக்குப் போகிறவர். நான் அவள் தங்கை. அஞ்சாவதோடு நின்றுவிட்டேன், அதனால் எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள், "கண்ணு வலியில யாராச்சும் சாவாங்களா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எரிச்சலாகவும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பிறகு நாள் முழுக்க மணல் விழுந்த மாதிரி உறுத்தும். கடற்கரைக்குப் போனால் காற்று பட்டுத் தண்ணீராகக் கொட்டும். கண்ணில் தண்ணீர் ஜாஸ்தி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பெற்றவள் தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டாள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றினோம், விளக்கெண்ணெய் விட்டோம். தண்ணீர் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அடுப்புப் புகையில் முகத்தைக் காட்டினாள். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் தெரிந்தது.

கண் டாக்டர் அவள் கீழ் இமைக்குள் ஒரு சின்னத் தாள் துண்டை மாட்டித் தொங்கவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் அப்படித்தான். அவர் தாள் பாதிக்கு மேல் ஊறிவிட்டது. அக்காவின் தாள் மாட்டியபடியே காய்ந்து கிடந்தது.

"கண்ணுல கண்ணீர் சுரக்கலம்மா. அதான் உறுத்துது."

"என்னங்க சொல்றீங்க? தண்ணியா கொட்டுதுங்களே!"

"அது எரிச்சல் தாங்காம வர்ற தண்ணி. வழிஞ்சு ஓடிடும், கண்ணுல நிக்காது. சொட்டு மருந்த அடிக்கடி விடணும். புகையில நிக்கக் கூடாது. காத்துல நிக்கக் கூடாது."

"கடக்கரையில காத்து இல்லாத எடம் எங்கங்க இருக்கு?" என்றாள் அக்கா. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கரையில் மீன் எடுக்கிற பெண்கள் வாய் விட்டு விலை கேட்க மாட்டார்கள். ஏலம் விடுகிறவர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போவார். வேண்டுமென்கிறவள் அவரைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டிக் காட்டுவாள். யார் ஏற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாது. அக்கா அதில் கெட்டிக்காரி. அந்தக் கண்தான் அவளுக்குத் தொழில்.

ஒரு நாள் காற்று பலமாக இருந்தது. அக்கா உறுத்தல் தாங்காமல் படபடவென்று சிமிட்டிக்கொண்டு நின்றாள். விலை ஏறியது, ஏறியது, மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நல்லாவே இல்லாத வாளைக் குவியல் ஒன்று அவள் தலையில் விழுந்தது.

"எடுத்துக்க புள்ள, ஒன்னோடதுதான்."

"நான் எங்க கேட்டேன்?"

"நீதான காட்டிக்கிட்டே இருந்த. நானும் ஏத்திக்கிட்டே போனேன்."

"ஐயோ, கண்ணு உறுத்துச்சு மாமா. சிமிட்டுனேன்!"

"இங்க வந்து சிமிட்டுனா அது ஏலந்தான். வீட்டுல போய் சிமிட்டு."

கூட்டத்திலிருந்து ஒருத்தி, "ரெண்டு கண்ணாலயும்ல சிமிட்டுறா! இரு, ஒம் புருஷன் கரைக்கு வரட்டும், சொல்லுறேன்" என்றாள். கரையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கூடையை உதைத்தாள்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனாள். "சினிமாக்காரி வந்துட்டாடியோய்! மீன் எடுக்க வந்தியா, படம் புடிக்க வந்தியா?" என்றார்கள். அது கூடப் பரவாயில்லை. ஏலம் விடுகிறவர், "கண்ணாடியக் கழட்டு. கண்ணு தெரியாம நான் எப்புடி ஏத்துறது?" என்றார். கழற்றினால் காற்று. போட்டால் மீன் இல்லை. வாயால் கேட்கலாம் என்றால் அவளுக்கு நாக்கும் காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தேன். எங்கள் விலை எல்லோருக்கும் தெரிந்துபோனது. வேண்டுமென்றே ஏற்றிவிட்டார்கள்.

மருந்தும் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. "நேத்துதான் தீந்துச்சு, அடுத்த வாரம் பாருங்க" என்பார் மருந்துக்கடைக்காரர். புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வாங்கி வந்தால், பஸ் காற்றிலேயே அவள் கண் சிவந்துவிடும். கிடைத்த சொட்டையும் மீன் கையோடு விட முடியாது. கூடையை இறக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைக்காமல் கையைக் காயவைக்க வேண்டும். அதற்குள் வாங்க வந்தவர்கள் அடுத்த கூடைக்காரியிடம் போய்விடுவார்கள். நான் சொட்டு விடுகிறேன் என்றால், "என்னைய கெழவி ஆக்காதடி" என்று கத்துவாள். நானும் கத்துவேன். தெருவில் நின்று இரண்டு பேரும் சண்டை போடுவோம்.

அப்படியே வலது கண்ணில் புண் வந்து, ஆறி, பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. இடது கண்ணையாவது காப்பாற்ற இமையின் ஓரத்தைக் கொஞ்சம் தைத்துவிடலாம், ஈரம் நிற்கும் என்றார் டாக்டர். அக்கா உடனே எழுந்துவிட்டாள்.

"தச்ச கண்ணோட நான் போயி நின்னா எவ என்னைய மதிப்பா?"

மச்சான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நீ ஏலத்துக்கே போவ வேணாம். நான் கொண்டாரத மட்டும் வித்தாப் போதும்." அவர் சொன்னதை அவள் அவமானமாக எடுத்துக்கொண்டு பல நாள் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் இடது கண்ணும் மங்கலாகத் தெரிந்தபோது பயந்துவிட்டாள். "பொங்கல் கழிச்சு தச்சுக்குறேன்" என்று அவளாகவே சொன்னாள். நானும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தோம்.

மார்கழி மழையில் அவள் நெஞ்சில் சளி கட்டியது. கண் காய்வதும், நாக்கு காய்வதும், கூடை தூக்குவதால் என்று நாங்கள் நினைத்திருந்த கை மூட்டு வீக்கமும் எல்லாம் ஒரே வியாதிதான், அது நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் அப்போதுதான் சொன்னார்கள். கண்ணைக் கண் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். பொங்கல் வருவதற்குள் போய்விட்டாள்.

கடைசி வரை இடது கண்ணில் அவளுக்குப் பார்வை இருந்தது. என் ரவிக்கையில் ஒரு கொக்கி இல்லை என்று படுக்கையிலிருந்தே சொன்னாள். எதற்காக அத்தனை சண்டை போட்டோமோ அந்தக் கண் பிழைத்துக்கொண்டது. ஆள்தான் இல்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கோயிலுக்குப் போனாலும் சரி, பள்ளிவாசலுக்குப் போனாலும் சரி, மாதா கோயிலுக்குப் போனாலும் சரி, பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காரைக்கால்மேட்டு மீன்காரி ஒருத்தி என்று சொல்லி அவளுக்காக எல்லோரும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.