அந்தாண்ட நில்லு சாமி

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் எதிரில் வரும் யாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறியபோது நான் பார்த்தவர் இந்த விதியில் ரொம்பக் கெட்டி. கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், விரல்களுக்கிடையே உருளும் துளசிமணி. கண்டக்டரைத் திட்டும்போதுகூட சாமி போட்டுத்தான் திட்டினார். பக்கத்து இருக்கையில் தன் துண்டை விரித்து வைத்திருந்தார்.

காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலைக்காரர் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வரோம் சாமி. புள்ளைக்கு முடியல."

"விரதத்துல இருக்கேன் சாமி. நீ குளிச்சு எத்தினி நாளாச்சு சாமி? அந்தாண்ட நில்லு சாமி."

"சரிங்க சாமி."

பிறகு, நின்றுகொண்டிருந்த என் வெள்ளைச் சட்டையையும் கண்ணாடியையும் பார்த்தார். துண்டை எடுத்தார்.

"நீங்க உக்காருங்க சாமி."

அரை மணி நேரத்துக்கு முன்புதான் மட்டன் பிரியாணியை ஒரு கை பார்த்திருந்தேன். உட்கார்ந்தேன்.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் குழந்தை தகப்பனின் சட்டையிலேயே வாந்தி எடுத்தது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பிள்ளை. அவரால் துடைக்கவும் முடியவில்லை.

"பாத்தீங்களா சாமி? இதுங்கள ஒக்கார வச்சிருந்தா என் விரதம் இன்னா ஆயிருக்கும்?" என்று மாலைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெள்ளிமலை வரும்வரை வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பிரியாணி வாசனை வந்து, என்னையும் எழுப்பி விட்டிருப்பார்.